சென்னை – லண்டன்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போட ஒரு வழிகாட்டி

அக்காவின் பிரசவத்துக்காக அம்மா முதல்முறை லண்டன் கிளம்பியபோது டிக்கெட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "காலைல அஞ்சரைக்கு ஏறினா பதினோரு மணிக்கு இறங்கிடலாம்னு போட்டிருக்கே, அஞ்சரை மணி நேரம்தானா? நம்ம ஊர்ல இருந்து மெட்ராஸ் போற நேரத்துல லண்டனே போயிடலாமா?" சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஐந்தரை மணி நேரம் என்று நினைத்து அதற்குத் தகுந்த மாதிரி மாத்திரையும் சாப்பாடும் திட்டம் போட்டிருந்தால் நடுவானில் சிரமப்பட்டிருப்பார். உண்மையில் அது 11 மணி நேரப் பயணம்.

முதல்முறை வெளிநாடு போகிறவர்களும் அவர்களை அனுப்பிவைக்கிறவர்களும் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கூகுளில் தேடினால் ஒரு இடத்தில் 8,230 கி.மீ. என்று வரும், இன்னொரு இடத்தில் 5,114 மைல் என்று வரும், ஒன்று 10 மணி நேரம் என்னும், இன்னொன்று 14 மணி நேரம் என்னும். எல்லாமே சரியாக இருக்கலாம், ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். நேர்க்கோட்டுத் தூரம், வானத்தில் பறக்கும் நேரம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆகும் நேரம் என்று நான்கு இருக்கின்றன. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உலகத்தில் எந்த இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நீங்களே கணக்குப் போடலாம். சென்னை – லண்டனை வைத்தே செய்து காட்டுகிறேன்.

முதலில் எந்த ஏர்போர்ட் என்று உறுதி செய்யுங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இங்கே தவறினால் மற்ற எல்லாக் கணக்கும் தப்பு. சென்னைக்குக் குறியீடு எம்.ஏ.ஏ., பழைய மெட்ராஸ் பெயரிலிருந்து வந்தது. லண்டனுக்கு ஒன்றல்ல, ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு ஏர்போர்ட்கள் உண்டு. ஹீத்ரோ என்றால் எல்.எச்.ஆர்., கேட்விக் என்றால் எல்.ஜி.டபிள்யூ. இரண்டுக்கும் நடுவில் சாலையில் ஏறக்குறைய 65 கி.மீ. அழைத்துப்போக வருகிறவர் ஒன்றிலும் நீங்கள் இன்னொன்றிலும் நின்றால் அரை நாள் போச்சு. டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், அந்த மூன்றெழுத்தைப் பாருங்கள். கனெக்டிங் ஃபிளைட் எடுக்கிறவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்: இறங்குவது ஒரு ஏர்போர்ட்டிலும் அடுத்த விமானம் ஏறுவது அதே ஊரின் வேறொரு ஏர்போர்ட்டிலும் என்று சில டிக்கெட்டுகள் வரும், விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

தூரத்தை அளப்பது

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்தால் வடக்கே போகப் போக எல்லாம் இழுபட்டுப் பெரிதாகிவிடும், அதனால் அந்த வரைபடத்தில் நேராகத் தெரியும் கோடு உண்மையில் நேர்வழி இல்லை. விமானப் பாதை மட்டும் ஏன் வில் மாதிரி வளைந்து போகிறது என்று பலர் கேட்பார்கள். அந்த வில்தான் குறுக்குவழி.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகளின் மேஜையில் இருக்கும் உலக உருண்டையையும் பூக்கட்டும் நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையைச் சென்னை மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை லண்டன் மேல் வைத்துத் தொய்வில்லாமல் இறுக்குங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய வழியைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டு உருண்டை 30 செ.மீ. விட்டம், அதன் சுற்றளவு 94 செ.மீ., பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ., ஆக ஒரு செ.மீ. நூலுக்கு 425 கி.மீ. சென்னையிலிருந்து லண்டனுக்கு நூல் 19 செ.மீ.க்கு மேல் கொஞ்சம் வந்தது. பெருக்கினால் 8,000 சொச்சம். பள்ளிக்கூட உருண்டைக்கு இது போதுமான துல்லியம்!

துல்லியமாக வேண்டும் என்றால் போன் கால்குலேட்டரிலேயே போடலாம். பத்தாம் வகுப்பில் படித்த சைன், காஸ் போதும். சென்னை ஏர்போர்ட் 12.99 பாகை வடக்கு, 80.17 பாகை கிழக்கு. ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு. ஒன்று கிழக்கிலும் ஒன்று மேற்கிலும் இருப்பதால் இரண்டு தீர்க்கரேகைகளையும் கூட்ட வேண்டும், வித்தியாசம் 80.62 பாகை. இப்போது, இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள்: 0.176 வரும். அப்புறம் இரண்டு அட்சரேகைகளின் காஸையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸையும் சேர்த்து மூன்றையும் பெருக்குங்கள்: 0.099 வரும். இரண்டையும் கூட்டினால் 0.275. எந்தக் கோணத்தின் காஸ் 0.275 என்று தலைகீழாகக் கேட்டால் 74 பாகை சொச்சம் என்று கால்குலேட்டர் சொல்லும். பூமியின் மேல் ஒரு பாகை என்பது 111.2 கி.மீ. பெருக்கினால் 8,230 கி.மீ. சுற்று. கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள், ரேடியனில் இருந்தால் விடை எங்கேயோ போய்விடும், நான் அப்படி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

கணக்கு வேண்டாம் என்கிறவர்கள் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளத்தில் இரண்டு மூன்றெழுத்துக் குறியீடுகளையும் நடுவில் ஒரு சிறுகோடும் போட்டால் தூரத்தையும் வில் பாதையையும் காட்டிவிடும். அங்கே மைல், கடல் மைல், கிலோமீட்டர் மூன்றில் எது தெரிகிறது என்று கவனியுங்கள். ஒரு மைல் 1.609 கி.மீ., விமானிகள் பேசும் கடல் மைல் 1.852 கி.மீ. இதே சென்னை – லண்டன் தூரம் மைலில் 5,100 சொச்சம், கடல் மைலில் 4,440 சொச்சம். எண் குறைந்ததால் வழி குறையவில்லை.

அந்த நேர்வழியில் விமானம் போக முடியுமா?

எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நூலை இன்னும் எடுக்காமல் அது எந்த நாடுகளின் மேல் படுத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, மகாராஷ்டிரா, குஜராத்தைக் கடந்து, பாகிஸ்தானின் சிந்து மாகாணம், பிறகு ஈரான், பிறகு காஸ்பியன் கடல். பாதித் தூரம் சரியாக அந்தக் கடலில், அஜர்பைஜானின் பாகு நகரத்துக்குக் கொஞ்சம் தெற்கே முடிகிறது. சென்னைக்கும் லண்டனுக்கும் நடுப்புள்ளி பாகு பக்கம் என்பதை நூல் பிடித்துப் பார்க்கும்வரை நான் நினைத்ததே இல்லை. அதற்கப்புறம் ரஷ்யாவின் தென்முனை, உக்ரைன், மால்டோவா எல்லை, மத்திய ஐரோப்பா, லண்டன்.

அதாவது நம் நேர்க்கோடு உக்ரைன் மேலேயே போகிறது. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அதையடுத்து ஐரோப்பாவும் பிரிட்டனும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூட, ரஷ்யாவும் அவர்களுடைய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது, சில நாட்களில் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. அதன் பிறகு டெல்லியிலிருந்து லண்டன் கிளம்பும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டி வந்தது. அதே 2025 ஜூனில் ஈரான் – இஸ்ரேல் மோதலின்போது ஈரான், ஈராக் வான்வெளிகளும் மூடப்பட்டன. தரையில் நடக்கும் சண்டை ஒவ்வொன்றும் நம் பெற்றோர் உட்கார்ந்திருக்கும் இருக்கையில் கூடுதல் நிமிடங்களாக வந்து சேர்கிறது.

அதனால் 8,230 என்பது மாறாத எண், ஆனால் பறக்கும் தூரம் அதைவிட அதிகம், அதுவும் நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காக 5 முதல் 8 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். நான் இங்கே 8,700 கி.மீ. என்று எடுத்துக்கொள்கிறேன். ஊரெல்லாம் வான்வெளி மூடிக் கிடக்கும் வாரத்தில் இது போதாது.

இனி நேரம்

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள் 35,000 முதல் 40,000 அடி உயரத்தில் ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் அளவுக்குப் போகும், மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. ஆனால் இது காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தால்? ஆடி மாதத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: போகும்போது தொடை கடுக்கும், திரும்பும்போது மிதிக்காமலே வண்டி வரும். மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்கிற காற்று ஆறு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அது இன்னும் பலமாக வீசும், சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். லண்டனுக்குப் போகும்போது அது எதிரில், வரும்போது முதுகுக்குப் பின்னால்.

இந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2020 பிப்ரவரியில் கியாரா புயல் நேரத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக அது ஏழு மணி நேரத்தை ஒட்டிய பயணம். இன்ஜின் மாறவில்லை, கிலோமீட்டரும் மாறவில்லை, பின்னாலிருந்து தள்ளிய காற்றுதான் வேலையைச் செய்தது.

நம் வழியில் பாதித் தூரம் வெயில் நாடுகளின் மேல் என்பதால் காற்றின் தாக்கம் அட்லாண்டிக் அளவுக்கு இல்லை. சராசரிக் கணக்குக்குப் போகும்போது 45 கி.மீ. கழித்து 855 என்றும், வரும்போது 45 கூட்டி 945 என்றும் வைக்கிறேன். 8,700ஐ 855ஆல் வகுத்தால் 10 மணி 11 நிமிடம். 945ஆல் வகுத்தால் 9 மணி 12 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் மெதுவாகப் போவதற்கு ஒரு 20 நிமிடம் சேருங்கள். அது வானத்தில் இருக்கும் நேரம்.

டிக்கெட்டில் போடுவது இது இல்லை. விமானம் நின்ற இடத்திலிருந்து பின்னால் நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் கதவோரம் வந்து நிற்கும்வரை உள்ள நேரத்தையே விமானக்காரர்கள் கணக்கில் எடுப்பார்கள். ரன்வே வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் மறுபடி ஊர்வது எல்லாம் அதில் சேரும். இன்னொரு 25 நிமிடம் கூட்டுங்கள். ஆக, போக ஏறக்குறைய 11 மணி நேரம், வர ஏறக்குறைய 10 மணி நேரம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் இந்த அளவுக்குப் பக்கத்தில் வருகிறதே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஹீத்ரோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இரண்டே ரன்வே, ஆனால் உலகத்திலேயே கூட்டமான ஏர்போர்ட்களில் ஒன்று, அதனால் இறங்க வரும் விமானங்களைப் பல நேரங்களில் லண்டனைச் சுற்றியுள்ள நான்கு இடங்களில் வட்டமடிக்க வைப்பார்கள். ஜன்னல் வழியே அதே ஏரி, அதே சாலை திரும்பத் திரும்ப வந்தால் அம்மா அப்பா பயந்துவிடுவார்கள், ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "இறங்குறதுக்கு முன்னாடி நாலு சுத்து சுத்தும், அது வழக்கம்தான்."

கடிகாரத்தை நேராக்குங்கள்

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். நேராகக் கழிக்கக் கூடாது. இந்தியாவும் இலங்கையும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். பிரிட்டன் குளிர்காலத்தில் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும், மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். எனவே வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி.

மேற்கே போகும்போது கழித்து வந்ததோடு வித்தியாசத்தைக் கூட்டுங்கள். ஜனவரியில் காலை 5.30க்குக் கிளம்பி 11.00க்குச் சேர்கிறது என்று வையுங்கள்: ஐந்தரையும் ஐந்தரையும் பதினொன்று. அதே விமானம் ஜூனில் காலை 5.30க்குக் கிளம்பி 12.00க்குச் சேர்கிறது என்று போட்டிருக்கும்: ஆறரையும் நாலரையும் மறுபடி பதினொன்றுதான். கோடையில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போகிறதே என்று யாராவது குறைப்பட்டால் கடிகாரத்தைத்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். கிழக்கே திரும்பும்போது வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். ஜனவரியில் லண்டனில் மதியம் 1.00க்கு ஏறி மறுநாள் அதிகாலை 4.30க்குச் சென்னையில் இறங்கினால் பார்வைக்குப் பதினைந்தரை மணி நேரம், ஐந்தரை கழித்தால் பத்து. டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம், அழைக்க வருகிறவருக்கு அந்தத் தேதியைச் சொல்ல மறக்காதீர்கள்.

தேதி விஷயத்தில் எங்கள் சித்தப்பாவுக்கு நடந்ததை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் டிக்கெட்டில் 14ஆம் தேதி, 00.40 என்று இருந்தது. 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி ஏர்போர்ட் போனார். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது நேத்து ராத்திரியே போயிடுச்சே ஐயா" என்றார். கையில் பேரனுக்கு வாங்கிய அதிரசப் பொட்டலம், பக்கத்தில் இரண்டு பெட்டி. நள்ளிரவு 12 தாண்டினால் தேதி மாறிவிடும். 14ஆம் தேதி 00.40 என்றால் 13ஆம் தேதி ராத்திரியே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வளைகுடா போகும் விமானங்கள் பல அதிகாலையில்தான் கிளம்புகின்றன, அதனால் டிக்கெட் கையில் கிடைத்த உடனே "வீட்டிலிருந்து கிளம்பும் நாள்" என்று தனியாக எழுதிவிடுங்கள்.

நேரடி விமானமா, மாறிப் போவதா

சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேரடியாகப் பறக்கிறது. மற்றபடி துபாய், தோஹா, டெல்லி, கொழும்பு என்று மாறிப் போகலாம். துபாய் வழியாகப் போனால் சென்னை – துபாய் 2,930, துபாய் – லண்டன் 5,500, மொத்தம் 8,430 கி.மீ. நேர்வழியைவிட 200 கி.மீ.தான் அதிகம்! தோஹா வழியாக 8,530. ஏனென்றால் வளைகுடா கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. ஆனாலும் 13, 14 மணி நேரத்துக்குக் குறையாது, சில டிக்கெட்டுகளில் 20ஐத் தாண்டும். கூடுவது தூரத்தால் இல்லை, நடுவில் காத்திருப்பதால். விலை குறைவு என்று சிங்கப்பூர் வழியாக ஒன்று காட்டினால் மட்டும் நூலை மறுபடி எடுத்துப் பாருங்கள்: எதிர்த்திசையில் 2,920 போய், அங்கிருந்து 10,880 திரும்பி வர வேண்டும், மொத்தம் 13,800. நேர்வழியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வயதானவர்களை அப்படி அனுப்பாதீர்கள்.

கிலோமீட்டர் கூடியும் மொத்த நேரம் குறைகிற வழியும் உண்டு. நாங்கள் திருச்சிக்காரர்கள். சென்னைக்குக் காரில் போய் நேரடி விமானம் பிடிக்கலாம், அல்லது திருச்சியிலேயே ஏறி கொழும்பு போய் அங்கிருந்து லண்டன் போகலாம். திருச்சி – கொழும்பு 420, கொழும்பு – லண்டன் 8,710, ஆக 9,130 கி.மீ. வானத்தில் 900 கி.மீ. அதிகம், ஆனால் சென்னைக்கு ராத்திரி சாலையில் ஆறு மணி நேரம் குலுங்கிப் போவது மிச்சம். கொழும்பில் காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். எட்டு மணி நேரம் என்றால் சென்னைதான். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து லண்டன் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான், கொழும்பு ஏர்போர்ட் இருக்கும் கட்டுநாயக்க வரை தரையில் போகும் மணி நேரத்தைச் சேர்க்காமல் டிக்கெட்டுகளை ஒப்பிடாதீர்கள்.

மாறிப் போகும் டிக்கெட் எடுத்தால் இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று விமானம் ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் இழப்பு உங்களுடையது. நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், நடக்கச் சிரமப்படுகிறவர்கள் என்றால் மூன்று. டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

வாசலிலிருந்து வாசலுக்கு

எங்கள் அம்மாவுக்கு இந்தக் கடைசி எண்தான் தேவைப்பட்டது. காலை 5.30 விமானம். திருச்சியிலிருந்து முந்தின நாள் மாலை 7.30க்குக் கார். நள்ளிரவு 1.30க்கு ஏர்போர்ட். செக்கின், இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு. 11 மணி நேரம் விமானம். ஹீத்ரோவில் இமிகிரேஷன் வரிசையும் பெட்டி வருவதும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து அக்கா வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். கூட்டினால் சரியாக 24 மணி நேரம். ஐந்தரை மணி என்று ஆரம்பித்த கணக்கு ஒரு முழு நாளில் வந்து நின்றது.

தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இரண்டு வரிசை எழுதிக் கொடுத்தேன். இடது பக்கம் நம் ஊர் நேரம், வலது பக்கம் லண்டன் நேரம். எப்போது சாப்பாடு வரும், எப்போது மாத்திரை, எப்போது எழுந்து நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியாக. மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டுத்தான் எழுதினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள், இன்சுலின் போடுகிறவர்கள் என்றால் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். கைக்கடிகாரத்தை இறங்கும்வரை மாற்ற வேண்டாம் என்று சொன்னேன், மாத்திரைக் கணக்கு குழம்பாமல் இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் கட்ட வாய்ப்பு உண்டு, அதனால் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் அந்தத் தாளில் தனி வரியாக இருந்தது.

முன் இருக்கையின் பின்புறத் திரையில் வரைபடம் வரும். அதில் வேகம், மீதித் தூரம், மீதி நேரம், எதிர்க்காற்று எல்லாம் காட்டும். எப்படித் திறப்பது என்று போனில் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தேன். இறங்கியதும் அம்மா சொன்ன முதல் செய்தி, "காஸ்பியன் கடல் மேல போகும்போது மணிக்கு 830னு காட்டுச்சு, காத்து எதிர்ல அடிக்குதுன்னு போட்டிருந்துச்சு" என்பதுதான்.

கிளம்புவதற்கு முன் கடைசியாக

டிக்கெட்டில் உள்ள விமான எண்ணை எடுத்துக்கொண்டு ஃபிளைட்ரேடார்24 செயலியில் போடுங்கள். அந்த விமானம் கடந்த சில நாட்களில் உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த வழியில் போனது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று வரிசையாகக் காட்டும். நான்கைந்து நாட்களைப் பார்த்தாலே உங்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும், வான்வெளி ஏதாவது மூடியிருந்தால் பாதை வளைந்திருப்பதிலேயே தெரியும். பயண நாளன்று விமானம் கிளம்பிய பிறகு, அழைக்கப் போகிறவர் டிக்கெட் நேரத்தை மறந்துவிட்டு இந்தச் செயலி காட்டும் இறங்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். விமானம் தரையைத் தொட்டு ஒரு மணி நேரம் கழித்து வருகைப் பகுதி வாசலில் நின்றால் போதும், அதற்கு முன்னால் யாரும் பெட்டியோடு வெளியே வருவது அபூர்வம்.